ஒன்பதாம் நம்பர் அறைத் தாவணி

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, பேத்திக்குத் தைத்த ஒட்டுத்துணிப் போர்வையைப் படமெடுத்துப் போட்டு, "நீங்கள்லாம் மொதமொதல்ல கையால செஞ்சு யாருக்கு என்ன குடுத்திய?" என்று கேட்டிருந்தாள். வயர் கூடை, உல்லன் தொப்பி, தீப்பெட்டியில் செய்த பொம்மை நாற்காலி என்று ஆளாளுக்கு எழுதினீர்கள். நான் மட்டும் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். "இவ எப்பவும் கமுக்கம்" என்று கிண்டல்கூடப் பண்ணினீர்கள். கமுக்கம் இல்லை. நான் தைத்ததும் ஒட்டுத்துணிப் போர்வைதான். அதைச் சொல்லப் போனால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இறந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இனிச் சொல்லலாம்.

எங்கள் லாட்ஜை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற சாலையில் இருந்து ஒரு சந்து பிரியும். அதில் பன்னிரண்டு அறை வைத்த மாடிக் கட்டிடம். பின்கட்டில் எங்கள் வீடு. சீசன் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் எதுவும் காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்து நிற்கும். தலையணையில் எண்ணெய் வாடை, துண்டில் எண்ணெய் வாடை, எங்கள் பாடப் புத்தகத்தில்கூட அந்த வாடை. அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருகிறவர்கள் மாடிப்படிச் சுவரில் கை வைத்து வைத்து, சுவரே பளபளவென்று ஆகிப்போயிருந்தது.

அப்பா அந்தத் தெருவிலேயே நேர்மைக்குப் பேர்போனவர். மாடிப்படிக்குக் கீழே ஒரு தகரப்பெட்டி வைத்திருந்தார். அறையில் ஆட்கள் விட்டுவிட்டுப் போகிற சாமானெல்லாம் அதில் போகும். துண்டு, ஒற்றைச் செருப்பு, மூக்குக்கண்ணாடி, குழந்தைகளின் கிலுகிலுப்பை. ஒவ்வொன்றிலும் அறை நம்பரும் தேதியும் எழுதிய சீட்டைக் குத்தி வைப்பார். ஒரு தடவை மாயவரத்துக்காரர் ஒருவர் பல்செட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார். அப்பா அதைப் பஞ்சில் பொதிந்து, அட்டைப்பெட்டியில் வைத்து, தபாலில் அனுப்பினார். ஒரு வருஷம் வரை யாரும் கேட்டு வராத துணிகளை, அறை பெருக்க வரும் அத்தைக்குக் கொடுத்துவிடுவார்.

எனக்குப் பன்னிரண்டு வயது. அக்கா ஏழு மாதச் சூலியாகப் பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அதே சமயம் ஐந்தாம் நம்பர் அறையில் பம்பாயில் இருந்து வந்த ஒரு குடும்பம் தங்கியிருந்தது. அவர்கள் கைக்குழந்தையை ஒரு போர்வையில் கிடத்தியிருந்தார்கள். சின்னச் சின்னச் சதுரங்களாக நூறு நிறத்தில் துணி சேர்த்துத் தைத்த போர்வை. நான் வாசலில் நின்று நின்று பார்த்து, அதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து வைத்துக்கொண்டேன். அக்கா பிள்ளைக்கு இப்படி ஒன்று தைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

பழைய காலண்டர் அட்டையைச் சாண் அகலத்துக்குச் சதுரமாக வெட்டினேன். அதுதான் அளவு. ஐந்துக்கு ஏழு, மொத்தம் முப்பத்தைந்து துண்டு வேண்டும். தென்காசியில் அம்மாவுக்கு ரவிக்கை தைக்கும் டெய்லரிடம் ஒரு பை நிறைய வெட்டுத்துணி வாங்கி வந்தேன். அதில் முக்கால்வாசி கைக்குட்டை அளவுக்குக்கூட இல்லை. பெருக்கும் அத்தை, தனக்கு வந்த பழந்துணியில் எனக்கும் பங்கு கொடுத்தாள். உள்ளே வைக்கப் பஞ்சுக்கு எங்கே போவது? லாட்ஜின் கிழிந்த பெட்ஷீட் இரண்டை மடித்து வைத்துக்கொண்டேன். முதலில் நான்கு சதுரத்தைச் சேர்த்துத் தைத்தேன். விரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது. பிரித்தேன். திரும்பத் தைத்தேன். இடது கை ஆள்காட்டி விரல் முழுக்க ஊசிப் புள்ளி. வியர்வையும் ஈரமும் பட்டு ஊசி துருப்பிடித்து, துணிக்குள் போகும்போது கிரீச்சென்று கத்தும்.

அப்போதுதான் ஒன்பதாம் நம்பர் அறைக்கு அந்த அக்கா வந்தாள். கூட ஒரு வாலிபன். புருஷன் பெண்டாட்டி என்று ரிஜிஸ்தரில் எழுதியிருந்தார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கலாம். வெந்நீர் கேட்டுப் பின்கட்டுக்கு வந்தவள், தரையில் நான் பரப்பி வைத்திருந்த சதுரங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது என்னட்டி, கடை பரப்பியிருக்கே?"

"போர்வை. எங்க அக்கா பிள்ளைக்கு."

"பிள்ளை எங்கே?"

"இன்னும் பொறக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து இரண்டு துண்டுகளை இடம் மாற்றினாள். "ரெண்டு செவப்பு பக்கத்துல பக்கத்துல வந்தா கண்ணக் குத்தும்" என்றாள். மயில்கழுத்து நிறத்தில் தாவணி போட்டிருந்தாள். முந்திப் பக்கம் மஞ்சள் நூலில் ஒரு பூ. ஒரே ஒரு பூ. அது ஏன் ஒன்று மட்டும் என்று கேட்டேன்.

"இஸ்திரி போடும்போது தீஞ்சு ஓட்ட விழுந்துட்டு. எங்கம்மாதான் மறைக்கதுக்கு அதுமேல பூப் போட்டா."

அம்மா என்று சொன்னதும் அவள் முகம் வேறு மாதிரி ஆனது. வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஒன்பதாம் நம்பர் பூட்டியிருந்தது. "காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க" என்றார் அப்பா. பின்பக்கப் படியெல்லாம் கழுவிவிட்டிருந்தார்கள், ஃபினாயில் வாடை மூக்கை அரித்தது.

மறுநாள் வெந்நீர் அடுப்புக்கு விறகு எடுக்கப் போனேன். விறகுக்குப் பின்னால் அந்தத் தாவணி சுருட்டிச் செருகியிருந்தது. நனைந்து, ஒரு முனை பழுப்பாகக் கறை படிந்து கிடந்தது. துருப்பிடித்த கம்பியில் போட்டிருப்பாள், கறையானதும் வேண்டாம் என்று எறிந்திருப்பாள் என்று நினைத்தேன். சீட்டுக் குத்தித் தகரப்பெட்டியில் போட வேண்டிய சாமான் அது. ஆனால் என் போர்வைக்கு நடுச் சதுரம் இன்னும் அமையவில்லை. எடுத்துக்கொண்டு போய் அம்மாவுக்குத் தெரியாமல் துவைத்தேன். தண்ணீர் செம்மண் கலங்கல் மாதிரி போனது. கறை போகாத பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, அந்த மஞ்சள் பூ சரியாக நடுவில் வருகிற மாதிரி அட்டையை வைத்து ஒரு சதுரம் வெட்டினேன்.



வெள்ளிக்கிழமை ஒரு அம்மாள் வந்தாள். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டு ஊர். சாரலில் நனைந்து முக்காடு தலையோடு ஒட்டிக்கிடந்தது. மஞ்சள் பையில் இருந்து, பாலித்தீன் காகிதத்தில் சுற்றிய ஒரு போட்டோவை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். நான் அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்றேன். போட்டோவில் இருந்தது ஒன்பதாம் நம்பர் அக்கா. இரட்டைச் சடை, பள்ளிக்கூடத் தாவணி. ஆனாலும் அவள்தான்.

அப்பா பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இல்லம்மா. இந்தப் பிள்ளை இங்கன வரல."

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி. வீட்டவிட்டுப் போயி பத்து நாளாச்சு. எனக்கு ஒத்தப் பிள்ள. குத்தாலத்துல பாத்தேன்னு எங்க ஊர்க்காரன் ஒருத்தன் சொன்னான்."

"சீசனுக்கு ஆயிரம் பேரு வருதாங்க. வேற எடத்துல கேட்டுப் பாரும்மா."

அவள் போட்டோவைத் திரும்பச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அவள் தெருத் திரும்பியதும் நான் மெதுவாகச் சொன்னேன். "அப்பா, அது ஒம்பதாம் நம்பர் அக்கா மாதிரில்லா இருக்கு?"

"ஏட்டி, ஒனக்கு ஆள் மாறிப் போச்சு. பெரியவுக பேசுத எடத்துல வந்து நிக்காத. போ."

பல்செட்டைத் தபாலில் அனுப்பிய மனிதர் சொல்கிறார். நம்பினேன். நம்புவதுதான் எனக்கும் வசதியாக இருந்தது. அது அவள்தான் என்றால், நான் திருடி வெட்டிய தாவணிக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதனால், மாறித்தான் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போய், விட்ட இடத்தில் இருந்து தைத்தேன். ஒரு வாரம் விடாமல் தைத்தேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை போர்வை முடிந்தது. அக்கா அதைத் தன் வயிற்றின்மேல் விரித்துப் பார்த்துச் சிரித்தாள். அம்மா ஓரத்தையெல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு, "பரவால்லயே, பொறுமையாத் தச்சிருக்கியே" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாரல் விட்டு, அதிசயமாக வெயில் வந்தது. புளித்த வாடை போகட்டும் என்று முன்வாசல் கொடியில் போர்வையைக் காயப்போட்டுவிட்டு, குரங்கு வராமல் பார்த்துக்கொண்டு நான் படியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாள் மறுபடியும் சந்துக்குள் வந்தாள். ஊருக்கு பஸ் ஏறப் போகுமுன், கேட்ட இடத்திலேயே இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு லாட்ஜாக வந்திருக்கிறாள். என்னைத் தாண்டி உள்ளே போகக் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். கொடியில் இருந்த போர்வையைப் பார்த்தாள். பக்கத்தில் போய் அந்த நடுச் சதுரத்தைத் தொட்டாள். பூவை நகத்தால் தடவினாள். திருப்பிப் பின்பக்க முடிச்சைப் பார்க்க முயன்றாள். நான்தான் பெட்ஷீட் வைத்துத் தைத்துவிட்டேனே.

"தாயி, இந்தத் துணி ஏது?"

அவள் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். அவ்வளவு தணிந்த குரலில் அவள் கேட்டதும் எனக்குத் தானாக வாயில் வந்துவிட்டது.

"ஒம்பதாம் நம்பர் ரூம் அக்காவோடது."

மேசையில் அப்பா ரிஜிஸ்தரில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேனா நின்றது. அவர் தலை நிமிரவில்லை. அந்த அம்மாள் கொடியில் இருந்து போர்வையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய், அவர் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"உசுரோட இருக்காளா? அத மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி."

அப்பா பேனா மூடியைத் தேடினார். கதவோரம் வந்து நின்ற அம்மாதான் கத்தினாள். "என்ன செஞ்சிய? கேக்காங்கள்லா, சொல்லுங்க!"

"இருக்கா" என்றார் அப்பா. "தென்காசி ஆஸ்பத்திரில இருக்கா."

பிறகு துண்டு துண்டாகச் சொன்னார். திங்கட்கிழமை மத்தியானம், அம்மா அக்காவை டாக்டரிடம் காட்டக் கூட்டிப் போயிருந்த நேரத்தில், பின்பக்கப் படியில் பாசி வழுக்கி, மேல்படியில் இருந்து கீழே வரை விழுந்திருக்கிறாள். தலையிலும் காலிலும் அடி. அவள் தாவணியையே தலையில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று பையோடு போன வாலிபன் திரும்பவே இல்லை. அப்பாவே டாக்ஸி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே, அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து கிடந்த பிள்ளை, யாரென்று தெரியாது என்று சொல்லிச் சேர்த்திருக்கிறார்.

"நான் வந்து போட்டோவ நீட்டினேனே அண்ணாச்சி?"

"அன்னிக்கு அவளுக்கு நெனவு இல்லம்மா. பொழைப்பாளான்னே தெரியல."

"அதுக்கு?"

அப்பா ரிஜிஸ்தரை மூடி வைத்தார். அம்மா முகத்தில் அறைந்துகொண்டு, "படிக்குக் கைப்பிடி வைங்க, கைப்பிடி வைங்கன்னு ரெண்டு வருசமாச் சொன்னேனே" என்று அழுதாள். எனக்கு அப்போதுதான் ஃபினாயில் வாடையும், கழுவிய தண்ணீரின் நிறமும் ஒன்றாகத் தலைக்குள் ஏறின. 

டாக்ஸியில் அந்த அம்மாள், அப்பா, நான். போர்வையை அவள் விடவில்லை, நானும் அதன் முனையை விடவில்லை. அதனால்தான் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். மேலகரம் தாண்டும்போது மறுபடி சாரல் பிடித்தது. மொத்தமே மூன்று மைல் தூரம். இந்தப் பெண்பிள்ளையைத் தேடி அவள் செங்கோட்டை வரைக்கும் போய் வந்திருக்கிறாள்.

பெண்கள் வார்டில் ஜன்னல் பக்கம் கட்டிலில் ஒன்பதாம் நம்பர் அக்கா உட்கார்ந்திருந்தாள். தலையை மொட்டையடித்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவள் அம்மாவுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. போய்க் கட்டிக்கொண்டாள். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது இருவரில் யார் போட்ட சத்தம் என்று எனக்குத் தெரியாது.

"பேரு கேட்டா அழுவுமே தவிர சொல்லாது" என்றாள் நர்ஸ். "அண்ணாச்சி மட்டும் தெனமும் வந்து பாத்துட்டுப் போவாரு."

நான் அப்பாவைப் பார்த்தேன். தினமுமா? காலையில் தென்காசிக்குக் காய்கறி வாங்கப் போகிறேன் என்று போவாரே, அதுவா?

பிறகு அந்த அக்கா சொன்னதுதான் இன்றுவரை என்னை விடவில்லை. அழுகை ஓய்ந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "என் மேல இவ்வளவு கோவமாம்மா ஒனக்கு? கடுதாசிக்கு ஒரு வரி பதிலு போட்டுருக்கக் கூடாதா?"

"என்ன கடுதாசி?"

"நெனவு வந்த அன்னிக்கே விலாசம் சொல்லி, எங்கம்மாவுக்கு எழுதிப் போடுங்கன்னு அண்ணாச்சிட்ட அழுதேன். போட்டாச்சு, பதிலு வரலன்னு சொன்னாரு. நீ என்ன வேண்டாம்னு விட்டுட்டன்னுல்லா நெனச்சேன்."

அந்த அம்மாள் மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அக்காவுக்கு எதுவும் விளங்கவில்லை. "அவரத் திட்டாதம்மா. தெனமும் பாலும் ரொட்டியும் கொண்டாந்து குடுத்தது அவருதான்" என்றாள்.

இதைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னார். பிள்ளை இறந்துபோனால் கேஸ் வரும், சீசனில் லாட்ஜை மூடுவார்கள், வீட்டில் பேறுகாலத்துக்கு வந்த மகள் இருக்கிறாள். ஆனால் அந்தப் பிள்ளை கண் விழித்துவிட்டது. இப்போது கடிதம் போட்டால், வந்து கேட்ட தாயிடம் இல்லை என்று சொன்னது வெளியே வரும். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற, தினமும் பாலோடு இன்னொரு பொய்யையும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இவ்வளவும் எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரிந்ததெல்லாம், என் அப்பா பக்கத்தில் நிற்கிறார், அவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை என்பதுதான்.

அந்த அம்மாள் போர்வையை மகளின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். அந்த நேரத்திலும், அது எங்க அக்கா பிள்ளைக்குத் தைத்தது என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. அந்த அக்கா நடுச் சதுரத்தைக் கண்டுபிடித்து என்னைப் பார்த்தாள். "ரெண்டு செவப்பையும் தள்ளித்தான் வச்சிருக்கே" என்றாள்.

நாலைந்து நாளில் தாயும் மகளும் ஊருக்குப் போனார்கள். போர்வையும் அவர்களோடு போனது. எங்கள் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது, அப்பாவின் பழைய வேட்டியில்தான் ஏந்தினோம். அந்த அம்மாள் யாரிடமும் புகார் சொல்லவில்லை. போலீஸ் வரவில்லை, லாட்ஜை யாரும் மூடவில்லை. அப்பா எதற்குப் பயந்தாரோ அது நடக்கவே இல்லை. மறு மாதம் பின்படிக்கு இரும்புக் கைப்பிடி வந்தது. அடுத்த பொங்கலுக்கு ஒன்பதாம் நம்பர் அக்காவிடம் இருந்து என் பேருக்கு ஒரு கார்டு வந்தது. தடி இல்லாமல் நடப்பதாகவும் டைப்ரைட்டிங் படிக்கப் போவதாகவும் எழுதியிருந்தாள். அப்பாதான் தபால்காரரிடம் வாங்கி, படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. ஆனால் அப்பா சொல்கிற எதையும் நான் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளத் தொடங்கினேன். பஸ் எத்தனை மணிக்கு என்று அவர் சொன்னால்கூட, போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவருக்கு அது தெரியும். ஒருநாளும் கோபித்ததில்லை.

கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தார். ஒருநாள் காலையில் அவருக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன். பாதி முகத்தில் சோப்பு நுரை. யாரும் எதுவும் கேட்காமலே சொன்னார்.

"அந்தக் கடுதாசிய நான் எழுதத்தான் செஞ்சேன்ட்டி. தபால்பெட்டி வரைக்கும் கொண்டுட்டுப் போனேன். அதுக்குள்ள போடத்தான் கை வரல."

நான் ரேசரை எடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். எண்பத்தாறு வயது மனிதர். என்னை நிமிர்ந்து பார்த்தபடி காத்திருந்தார். "சரிப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவருக்கு. அதை நம்பலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. கன்னத்தை மறுபக்கம் திருப்பி, மிச்ச நுரையையும் வழித்துவிட்டேன்.